ஒளிரும் வட்டம்: நுண்கற்றைக் குழாய் இ/எம் கருவி வாங்கலாமா?

பலகையில் வரிசையாகப் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் ஒரு வட்டம் இழுத்து, "புலம் பலகைக்கு உள்ளே போகுது, எலக்ட்ரான் இப்படிச் சுத்துது" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவதுதான் நம் வகுப்புகளில் லாரன்ஸ் விசைக்கு, அதாவது ஓடும் மின்னூட்டத்தின் மேல் காந்தப்புலம் செலுத்தும் விசைக்கு, கிடைக்கும் மரியாதை. அந்த வட்டத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது, எலக்ட்ரானின் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை (இ/எம்) அளக்கும் இந்தக் கருவி. தேங்காய் அளவில் ஒரு கண்ணாடிக் குடுவை, இருபுறமும் இரண்டு பெரிய செம்புக் காயில்கள், கீழே ஒரு பவர் சப்ளை பெட்டி. அறையை இருட்டாக்கி நாபைத் திருப்பினால், பச்சை கலந்த நீலத்தில் ஒரு நூல் வளைந்து வளைந்து கடைசியில் பூரி அளவுக்கு முழு வட்டமாக நிற்கும்.

ஒரே கருவி பல லேபிள்களில் விற்கப்படுவதால் கம்பெனிப் பெயரை வைத்து இதை மதிப்பிடுவதில் பயனில்லை. 130 சுற்று, 15 செ.மீ. சராசரி ஆரம் உள்ள ஹெல்ம்ஹோல்ட்ஸ் காயில் ஜோடி (நடுவில் சீரான காந்தப்புலம் தருமாறு எதிரெதிரே வைத்த இரண்டு காயில்கள்), ஹீலியம் நிரப்பிய குழாய், பின்னால் கண்ணாடி ஸ்கேல், 6.3 வோல்ட் ஹீட்டர், 300 வோல்ட் வரை முடுக்கு மின்னழுத்தம், 2 ஆம்பியர் வரை காயில் மின்னோட்டம்: இந்த அமைப்பில் வருகிற எல்லாப் பெட்டிக்கும் கீழே சொல்வது பொருந்தும். அமெரிக்காவின் பாஸ்கோ கருவியிலும் இதே 130 சுற்று, இதே 15 செ.மீ.தான். ஜெர்மனியின் ஃபைவே கருவியில் 154 சுற்று, 20 செ.மீ. ஆரம். அதனால் ஒரு கருவியின் கையேட்டில் உள்ள சூத்திர எண்ணை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. 130 சுற்றுக் காயிலில் ஒரு ஆம்பியருக்கு நடுப்புலம் 0.779 மில்லி டெஸ்லா, 154 சுற்றில் 0.692. இதை மாற்றிப் போட்டால் விடை 20 விழுக்காட்டுக்கு மேல் தவறிப் போகும். ரெக்கார்டில் யாரும் கண்டுபிடிக்கவும் மாட்டார்கள்.

சுருக்கமாகத் தீர்ப்பு வேண்டுவோருக்கு: குழாய்க்கு முழு மதிப்பெண். காயிலுக்கு, அளந்து பார்த்த பிறகு முக்கால். கீழே இருக்கும் பெட்டிக்குப் பாதி, அதுவும் மீட்டர்களைச் சரிபார்த்தால்தான்.

குழாயைப் பற்றி முதலில். உள்ளே ஹீலியம் மிகக் குறைந்த அழுத்தத்தில் இருக்கிறது, பாதரச அளவில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு போல. எலக்ட்ரான் கண்ணுக்குத் தெரியாது. அது மோதிய ஹீலியம் அணு கிளர்ந்து விடும் ஒளிதான் நாம் பார்க்கும் நூல். நூல் மெல்லியதாக இருப்பதற்கும் அந்த வாயுவே காரணம். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குவதால் கற்றை போகப் போக விரிந்துவிட வேண்டும். ஆனால் மோதலில் உண்டான நேர் அயனிகள் கனமானவை. சட்டென்று நகராமல் பாதையிலேயே தங்கி, எலக்ட்ரான்களை நடுவுக்கு இழுத்துப் பிடிக்கின்றன. நல்ல குழாயில் நூல் ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் கூர்மையாக இருக்கும். நியான் குழாயும் வருகிறது, ஆரஞ்சு நிறத்தில். படம் எடுக்க அழகு.

250 வோல்ட் கொடுத்தால் எலக்ட்ரான் நொடிக்கு 94 லட்சம் மீட்டர் வேகத்தில் வெளியே வருகிறது. ஒளியின் வேகத்தில் மூன்று விழுக்காடு. சார்பியல் திருத்தம் எதுவும் தேவையில்லை. 5 செ.மீ. ஆரத்தில் அது சுற்றும்போது அதன் மேல் உள்ள விசை 1.6 × 10⁻¹⁵ நியூட்டன். எண்ணைப் பார்த்தால் ஒன்றுமில்லாதது போல் இருக்கும். ஆனால் அந்த எலக்ட்ரானின் எடையோடு ஒப்பிட்டால் இது 10¹⁴ மடங்குக்கும் மேல். "புவியீர்ப்பை ஏன் கணக்கில் எடுக்கவில்லை?" என்று வைவாவில் கேட்டால் இதுதான் பதில். ஒரு சுற்று முடிக்க ஆகும் நேரம் சுமார் 34 நானோ நொடி.

டெமோவாக இந்தக் கருவிக்கு நிகரில்லை. காயில் மின்னோட்டத்தை 1.5 ஆம்பியரில் வைத்துக்கொண்டு முடுக்கு மின்னழுத்தத்தை 150-லிருந்து 300-க்கு ஏற்றினால் ஆரம் 3.5 செ.மீ.யிலிருந்து 5 செ.மீ. ஆகிறது. இரு மடங்காகாமல் வர்க்கமூலம் இரண்டு மடங்குதான் ஆவதை மாணவர்கள் ஸ்கேலிலேயே படித்துவிடலாம். அடுத்தது, குழாயை அதன் காலோடு சேர்த்து மெல்லத் திருப்புவது. கற்றை புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும்வரை வட்டம். கொஞ்சம் திருப்பினால் வட்டம் திறந்து ஸ்பிரிங் போல் நீள்கிறது. முழுதாகத் திருப்பிப் புலத்தின் திசையிலேயே கற்றையை விட்டால் நேர்கோடு: விசையே இல்லை. விசை என்பது மின்னூட்டம், திசைவேகம், புலம், கோணத்தின் சைன் ஆகியவற்றின் பெருக்கல் என்று நான்கு தடவை எழுதிப் போடுவதைவிட இந்த ஒரு திருப்பல் மேல். வாங்கும்போது குழாய் திரும்பும் மாடலா என்று கட்டாயம் கேளுங்கள். சில மலிவு மாடல்களில் சாக்கெட்டை அசையாமல் திருகிவிடுகிறார்கள். பாதி கருவியைத்தான் விற்கிறார்கள் என்று அர்த்தம்.

இனி அளவு எடுக்கும் விஷயம். பெட்டி தடுமாறுவது இங்கேதான்.

விடையின் சூத்திரம் எளிது: மின்னழுத்தத்தை இரண்டால் பெருக்கி, புலத்தின் வர்க்கத்தாலும் ஆரத்தின் வர்க்கத்தாலும் வகுத்தால் இ/எம். வர வேண்டியது 1.76 × 10¹¹ கூலூம்/கிலோகிராம். புலமும் ஆரமும் வர்க்கத்தில் வருவதால் அவற்றில் வரும் ஒவ்வொரு விழுக்காட்டுப் பிழையும் விடையில் இரண்டாகிறது. 5 செ.மீ. ஆரத்தில் ஒரு மில்லிமீட்டர் தப்பினால் 4 விழுக்காடு போச்சு.

பெட்டி வந்ததும், பில்லை பாஸ் பண்ணும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. கணக்குப்படி 130 சுற்றுக் காயிலில் 250 வோல்ட்டுக்கு 5 செ.மீ. ஆரம் வர 1.37 ஆம்பியர் வேண்டும், 4 செ.மீ. வர 1.71 ஆம்பியர். 200 வோல்ட்டில் 5 செ.மீ.க்கு 1.22. கருவியைக் கீழே சொல்கிற திசையில் வைத்து, இந்த மூன்று புள்ளிகளையும் எடுத்துப் பாருங்கள். மூன்றுமே ஒரே பக்கமாக ஒரே விழுக்காடு விலகினால் மீட்டரிலோ காயில் அளவிலோ கோளாறு. ஒன்று மேலே ஒன்று கீழே என்று சிதறினால் ஸ்கேல் படிப்பதில் கோளாறு.

மீட்டரைச் சந்தேகிப்பதில் தவறே இல்லை. பெட்டியின் முகப்பில் மூன்றரை இலக்க டிஜிட்டல் மீட்டர் பளிச்சென்று எரிவதால் அது சரி என்று ஆகிவிடாது. காயில் சுற்றோடு தொடரில் ஒரு நல்ல மல்ட்டிமீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் போட்டு ஒப்பிடுங்கள். முடுக்கு மின்னழுத்தத்தை நேர்மின்வாய்க்கும் எதிர்மின்வாய்க்கும் நடுவில், குழாயின் காலிலேயே அளக்க வேண்டும்; சப்ளையின் வெளிமுனையில் அளப்பது போதாது. அளக்கும்போது கவனம். 300 வோல்ட் டி.சி. கையில் பட்டால் விளையாட்டல்ல. உலோக முனை வெளியே தெரிகிற பழைய பனானா பிளக் வயர்கள் வந்திருந்தால் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டு, முனை மூடிய வகை வாங்கிப் போடுங்கள். இந்தச் செலவில் கணக்குப் பார்க்கக் கூடாது.

காயிலை அளப்பது அடுத்தது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அமைப்பின் உயிரே, இரண்டு காயிலுக்கும் இடைப்பட்ட தூரம் ஆரத்துக்குச் சமமாக இருப்பதில்தான் இருக்கிறது. ஒரு காயிலின் சுற்றுக் கட்டின் நடுவிலிருந்து மற்றதன் நடுவு வரை அளந்தால் 15 செ.மீ. வர வேண்டும். 16 செ.மீ. இருந்தால் உண்மையான புலம் சூத்திரம் சொல்வதைவிட 4 விழுக்காடு குறைவு. இ/எம் 8 விழுக்காடு குறைந்து காட்டும். லாரியில் குலுங்கி வந்த பெட்டியில் தாங்கி நட்டுகள் தளர்ந்து காயில் சற்றுச் சாய்ந்திருப்பது சாதாரணம். ஆரத்தை அளக்கும்போது உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் அளந்து சராசரி எடுங்கள். வெளிவிளிம்பை மட்டும் எடுத்து 15.5 என்று போட்டால் அங்கேயே ஆறேழு விழுக்காடு போய்விடும்.

இன்னொரு கோளாறு முதல் நாளிலேயே தலைகாட்டும். ஆம்பியரை ஏற்றுகிறோம், மீட்டர் 1.5 காட்டுகிறது, ஆனால் கற்றை அசையவே இல்லை. குழாய் கெட்டுவிட்டதாகத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இரண்டு காயிலும் எதிரெதிர்த் திசையில் இணைந்திருந்தால் நடுவில் புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரு காயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. கற்றை வளைகிறது, ஆனால் வட்டமாகாமல் எலக்ட்ரான் துப்பாக்கியிலிருந்து (கற்றையை வெளிவிடும் பகுதி) கண்ணாடிச் சுவரை நோக்கி எதிர்ப்பக்கம் போய் முட்டுகிறது என்றால், காயில் ஜோடி முழுவதற்குமே மின்னோட்டத் திசையை மாற்ற வேண்டும். ஃபிளெமிங் இடக்கை விதியில் நடுவிரலை எலக்ட்ரான் ஓடும் திசைக்கு நேர் எதிராக நீட்ட வேண்டும் என்பதை மறந்துவிட்டு, "விதியே பொய்" என்று முடிவு கட்டுகிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு.

கருவியை எந்தத் திசையில் வைப்பது? கையேடுகள் ஒரு வரியில் கடந்து போகிற இந்த விஷயம் தமிழ்நாட்டில் பெரிய விஷயம். ஐரோப்பாவில் புவியின் காந்தப்புலம் பெரும்பாலும் தரைக்குள் செங்குத்தாகப் பாய்கிறது; கிடைக்கூறு 20 மைக்ரோ டெஸ்லா அளவுதான். நம் ஊர் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும், திருநெல்வேலி அருகே புவிக்காந்த ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம். இங்கே கிட்டத்தட்ட முழுப் புலமும் படுக்கையாக, வடக்கு நோக்கி, சுமார் 40 மைக்ரோ டெஸ்லா. விலகு காந்தமானியில் கணக்குப் போட்டவர்களுக்கு இந்த எண் பழக்கமானது.

காயிலின் அச்சு வடக்கு-தெற்காக இருந்தால் இந்த 40 மைக்ரோ டெஸ்லா அப்படியே காயில் புலத்தோடு கூடும், அல்லது கழியும். 250 வோல்ட், 5 செ.மீ. அமைப்பில் காயில் கொடுப்பது 1.07 மில்லி டெஸ்லா. அதில் இது மூன்றே முக்கால் விழுக்காடு. விடையில் ஏழரை. 1.76 வர வேண்டிய இடத்தில், எந்தப் பக்கம் முகம் காட்டி வைத்தோம் என்பதைப் பொறுத்து 1.89 அல்லது 1.63 வரும். பக்கத்து மேசையில் அதே கருவி வேறு விடை தருகிற மர்மம் பெரும்பாலும் இதுதான். அச்சைக் கிழக்கு-மேற்காக வைத்தால் புவிப்புலம் காயில் புலத்துக்குச் செங்குத்தாகிவிடுகிறது; மொத்தப் புலத்தின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்குகூட மாறாது. திசை மட்டும் இரண்டு டிகிரி சாயும். அதனால் வட்டம் சரியாக மூடாமல் லேசாகச் சுருள் விட்டால் குழாயை ஓரிரு டிகிரி திருப்பிச் சேர்த்துவிடலாம். ஒரு சின்ன திசைகாட்டியை வைத்து, சப்ளையை அணைத்த நிலையில், மேசையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீல் மேசையும் ஸ்டீல் பீரோவும் திசைகாட்டியையே ஏமாற்றும். மர மேசைதான் உத்தமம்.

மேசையைத் திருப்ப இடமில்லாத லேப்களுக்கு ஒரு வழி உண்டு. முடுக்கு மின்னழுத்தத்தை 250-ல் நிறுத்திவிட்டு, மின்னோட்டத்தை மாற்றி மாற்றி ஆரத்தை எடுங்கள். கிடை அச்சில் ஆரத்தின் தலைகீழ், நிலை அச்சில் மின்னோட்டம் என்று வரைபடம் போட்டால் நேர்கோடு வரும். அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கிடைக்கும் இ/எம்மில் புவிப்புலம் கலக்காது. கோடு நிலை அச்சை வெட்டும் இடம் பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறதோ அதுதான் வெளிப்புலத்தின் பங்கு. அச்சு வடக்கு-தெற்காக இருந்தால் வெட்டு 0.05 ஆம்பியர் அளவில் தெரியும். சரியாகச் செய்தால் ஒரே வரைபடத்தில் எலக்ட்ரானையும் பூமியையும் சேர்த்து அளந்த மாதிரி. ஒரு புள்ளியை எடுத்து, சூத்திரத்தில் போட்டு, "விடை" என்று கோடிடுகிற பழக்கத்தை இந்தக் கருவியிலாவது விட்டுவிடலாம்.

ஆரம் படிப்பதில் கண்ணாடி ஸ்கேலைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். ஒரு கண்ணை மூடி, கற்றையும் கண்ணாடியில் அதன் பிம்பமும் ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்துக்குத் தலையை நகர்த்தி, அப்போது ஸ்கேலைப் படியுங்கள். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இரண்டின் சராசரி ஆரம். தடித்த கற்றையில் எந்த விளிம்பைப் படிப்பது என்று கேட்டால், வெளிவிளிம்பு. வாயுவோடு மோதி வேகம் இழந்த எலக்ட்ரான்கள் உள்பக்கம் சுருங்கிவிடும். இழக்காதவை வெளியே இருக்கும். உள்விளிம்பைப் படித்தால் ஆரம் குறைந்து இ/எம் கூடிவிடும். இந்தக் கருவியின் விடை பொதுவாகவே 1.76-க்குக் கொஞ்சம் மேலே நிற்பதற்கு இந்த வேக இழப்பு ஒரு காரணம். நேர்மின்வாயில் உள்ள துளையருகே முடுக்குப் புலம் சீராக இல்லாதது இன்னொன்று. 250 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் அளந்தால் இரண்டும் குறையும். டெமோவுக்கு 150 போதும், அளவுக்குப் போதாது.

காயில் சூடாவதையும் கவனிக்க வேண்டும். மலிவுப் பெட்டிகளின் நாப் மாற்றுவது மின்னழுத்தத்தை, மின்னோட்டத்தை அல்ல. செம்புக் கம்பி 20 டிகிரி சூடேறினால் அதன் மின்தடை 8 விழுக்காடு கூடும், மின்னோட்டம் அந்த அளவுக்கு இறங்கும், வட்டம் கண்ணெதிரே மெல்லப் பெருக்கும். மாணவர் ஸ்கேலைப் பார்த்துவிட்டு மீட்டரைப் பார்க்கப் போகும் இடைவெளியில் அளவு நழுவிவிடுகிறது. மின்னோட்டத்தை மாறாமல் நிறுத்தும் சப்ளை உள்ள மாடல் கிடைத்தால் கூடுதலாகக் கொடுத்தாவது வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு அளவுக்கும் முன் மின்னோட்டத்தைத் திரும்பச் சரிசெய்து, ஒருவர் ஸ்கேலையும் ஒருவர் மீட்டரையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். 2 ஆம்பியருக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். 3 செ.மீ. வட்டம் வேண்டுமென்றால் ஆம்பியரை ஏற்றாமல் மின்னழுத்தத்தை 150-க்கு இறக்குங்கள், 1.77 ஆம்பியரில் வந்துவிடும்.

குழாய் எப்படிச் சாகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாற்றுக் குழாயின் விலை கருவி விலையில் பெரும்பங்கு. பெரும்பாலும் ஹீட்டர்தான் போகிறது. 6.3 வோல்ட் என்பது மேல் வரம்பு. அதைத் தாண்டினால் துப்பாக்கி நிரந்தரமாகக் கெடும். ஆனால் பல பெட்டிகளில் ஹீட்டர் நேரே டிரான்ஸ்ஃபார்மரில் தொங்குகிறது. லைன் வோல்டேஜ் 230-லிருந்து 250-க்கு ஏறினால் ஹீட்டரில் 6.85. ராத்திரியில் வோல்டேஜ் எகிறும் ஊர்களில் ஸ்டெபிலைசர் இல்லாமல் இதைப் போடவே கூடாது. ஹீட்டரைப் போட்டு இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகுதான் முடுக்கு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்ற வேண்டும். அணைக்கும்போது தலைகீழ் வரிசை: காயில் பூச்சியம், முடுக்கு பூச்சியம், கடைசியில் ஹீட்டர். அளவு எடுக்காத நேரத்தில் கற்றையை எரியவிட்டுப் பேசிக்கொண்டிருப்பது, நேராகப் போகும் கற்றையைக் கண்ணாடியில் ஒரே இடத்தில் நெடுநேரம் குத்தவிடுவது, இரண்டும் ஆயுளைக் குறைக்கும்.

காற்று கசிந்த குழாயை அடையாளம் காண்பது எளிது. நூல் மங்கி, குடுவை முழுக்க மூட்டமாக ஒளிரும்; பிறகு அதுவும் நிற்கும். உள்ளே வெள்ளி போல் மின்னும் பூச்சுத் திட்டு இருக்கிற குழாயில் அந்தத் திட்டு வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, இனி செய்ய ஒன்றுமில்லை. பார்சல் வந்த அன்றே இதையும், காலின் ஹீட்டர் பின்களுக்கு இடையே மல்ட்டிமீட்டரில் சில ஓம் காட்டுகிறதா என்பதையும் பாருங்கள். சலானில் கையெழுத்துப் போட்ட பிறகு "வழியில உடைஞ்சிருக்கும் சார்" என்கிற பதில்தான் வரும்.

தாம்சன் முறைப் பெட்டியோடு ஒப்பிடாமல் முடிக்க முடியாது. பெரும்பாலான கல்லூரிகளில் ஏற்கெனவே இருப்பது அதுதான். சி.ஆர்.டி. எனும் எதிர்மின்கதிர்க் குழாய், இருபுறமும் சட்ட காந்தம், புலத்தை அளக்க ஒரு காந்தமானி. 1897-ல் ஜே.ஜே. தாம்சன் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மோதவிட்டுப் பார்த்த யோசனை அதில் அப்படியே இருக்கிறது. விலையும் இதைவிட மிகக் குறைவு. ஆனால் சட்ட காந்தத்தின் புலம் குழாயின் நீளம் முழுக்க ஒரே சீராக இருப்பதில்லை, திரையில் தெரிவது ஒரு புள்ளி மட்டுமே. பாதையைப் பார்க்க முடியாது. அங்கே குழாயை வடக்கு-தெற்காக வைக்கச் சொல்வார்கள். கற்றை புவிப்புலத்தின் திசையிலேயே ஓடினால் விசை இல்லை என்பதால். இங்கே காயில் அச்சைக் கிழக்கு-மேற்காக வைக்கிறோம். இரண்டுக்கும் காரணம் ஒரே சூத்திரம் என்று புரிந்துகொண்ட மாணவருக்கு வைவாவில் முழு மதிப்பெண் கொடுத்துவிடலாம். இ/எம் அளக்கும் இன்னொரு வழியான மேக்னட்ரான் முறை பற்றிச் சொல்ல அதிகமில்லை: மின்னோட்டம் எங்கே சட்டென்று விழுகிறது என்று தேடுகிற சோதனை, எண் கிடைக்கும், காட்சி கிடைக்காது.

அரசுக் கொள்முதல் இணையதளமான ஜெம் போர்ட்டலில் வாங்குகிற அரசுக் கல்லூரிகளுக்குக் கடைசியாக ஒன்று. "இ/எம் அப்பாரட்டஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ் முறை" என்று மட்டும் எழுதினால் விலை குறைந்தவர் எதை அனுப்பினாலும் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்பெசிஃபிகேஷனில் இவற்றையும் எழுதுங்கள்: காலோடு திரும்பும் குழாய், வாயுவின் பெயர், காயிலின் சுற்று எண்ணிக்கையும் சராசரி ஆரமும், மின்னோட்டத்தை மாறாமல் நிறுத்தும் காயில் சப்ளை, சீராக்கிய 6.3 வோல்ட் ஹீட்டர், முனை மூடிய வயர்கள், மூடுவதற்குக் கறுப்புத் துணி அல்லது பெட்டி. மாற்றுக் குழாயின் விலையைத் தனி வரியாகக் கொட்டேஷனில் கேளுங்கள். அந்த வரியை நிரப்பாமல் விடுகிற சப்ளையரிடம் கருவியையும் வாங்காதீர்கள்.